வேலிக்கும் பாதைக்கும் நடுவே ஒரு கட்டம்

புதிதாகப் பாதை வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையில் நிறுத்திப் பழக்கமில்லாதவள் நான், கொஞ்சம் நீளும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். இந்தக் குணத்தால் தொழிலில் எனக்கு நல்ல பெயரும் கிடைத்தது, ஒரு பாவமும் சேர்ந்தது. இங்கே எழுதப் போவது பாவத்தைப் பற்றி. நல்ல பெயரை நீங்களே யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழனியில் ஒரு சர்வேயர் ஆபீசில் இருபத்தைந்து வருடம் வரைபடம் போட்டவள் நான். ஆபீசை மூடிய பிறகு கொடைக்கானலில் தங்கச்சி வீட்டுக்கு வந்தேன். அட்டுவம்பட்டியில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொண்டிருந்தது ஒரு சின்னக் கம்பெனி. விளையாடுகிறவர் தானே ஒரு மிருகக்காட்சி சாலையைக் கட்டி நடத்துகிற விளையாட்டு. கூண்டு வைக்க வேண்டும், வேலி போட வேண்டும், ஜனங்கள் நடக்கப் பாதை போட வேண்டும். பிளான் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. மொத்தம் ஒன்பது பேர் இருந்தோம்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த எங்கள் டீம் லீடுக்கு, அதாவது குழுத் தலைவிக்கு, வயது இருபத்தேழு. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள், அதனால் லீட் என்றே எழுதுகிறேன். கொடைக்கானலிலேயே பிறந்து கான்வென்டில் படித்த பெண். முதல் மாதம் நான் போட்ட பாதை ஒரு இடத்தில் வேலியின் மேலேயே ஏறிப் போயிருந்தது. வேலி மேல் பாதை ஏறினால் அங்கே வாசல் இருப்பதாக விளையாட்டு எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. ஓடவிட்டுப் பார்த்தால், புலி நிதானமாக வெளியே வந்து ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவசரமாக லீடைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"பிளானை மேல இருந்து பாக்காதீங்க அக்கா. உள்ள இறங்கி ஒரு விசிட்டரா நடந்து பாருங்க. கால் எங்க போகுது, கண் எங்க போகுதுன்னு தெரியும்" என்றாள்.

இருபத்தைந்து வருடமாக மேலிருந்தே பார்த்துப் பழகிய எனக்கு அது லேசில் வரவில்லை. வந்த பிறகு அதுதான் எனக்குச் சோறு போட்டது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பாதை போட்டதும் எழுந்து போய் டீ குடிக்காதீர்கள். இறங்கி நடந்து பாருங்கள்.

இப்போது ராசையா கதைக்கு வருகிறேன். ராசையாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்களிடம் வருவதற்கு முன் மலைமேல் கேரட் தோட்டங்களுக்கும் பங்களாக்களுக்கும் கம்பிவேலி கட்டிக்கொண்டிருந்தார். ராத்திரிப் படிப்பு, தபால் படிப்பு என்று என்னென்னவோ படித்துச் சோதனை வேலைக்கு வந்து சேர்ந்திருந்தார். நாங்கள் கட்டுவதை நாள் முழுக்க விளையாடிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்வதுதான் அவருக்குச் சோலி. ஒப்பந்த ஆள். நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்த மாதக் கடைசியில் அவருக்கு வேலை நிரந்தரமாவதாக இருந்தது. ஆர்டர் வருகிற சந்தோஷத்தில் முன்கூட்டியே ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். பழனிக்காரிக்கே பஞ்சாமிர்தமா என்று கேலி செய்துகொண்டே நான் இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

விளையாட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி மிருகக்காட்சித் தோட்டம் ஒன்று உண்டு. அதில் காட்டுமாடு அடைப்புக்கு நான் பாதை போட்டுக்கொண்டிருந்தபோது, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார் ராசையா.

"அக்கா, வேலிய ஒட்டி நடபாதை போடாதீங்க. மாடு முட்டிக்கிட்டு வந்தா மனுசன் எந்தப் பக்கம் ஒதுங்குவான்? ஒரு கட்டம் விட்டுப் போடுங்க. நாங்க வேலி கட்டுன தோட்டத்துல எல்லாம் அப்பிடித்தான் விடுறது."

நியாயமாகத்தான் பட்டது. கொடைக்கானலில் குடியிருப்பவர்களுக்குக் காட்டுமாட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைத்தெருவுக்கே வந்து நிற்கிறதே! விளையாட்டில் தரை முழுக்கச் சதுரக் கட்டங்கள்தான், நானும் ஒரு கட்டம் தள்ளிப் போட்டேன். ஒரு வாரம் கழித்து லீட் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, கேப் விட்டா நம்ம விசிட்டர்ஸ் நிக்கவே மாட்டாங்க. பாதை வேலியை டச் பண்ணினாத்தான் அவங்களுக்கு அனிமல் தெரியும். இல்லன்னா சும்மா நடந்து போயிட்டே இருப்பாங்க, ரேட்டிங் விழுந்துடும்."

மீட்டிங்கில் ராசையா விடவில்லை. "கேம்ல நடக்கிறவனும் மனுசந்தானேங்க, அவனுக்கும் உசுரு இருக்கில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் போய்ப் பாதை முழுவதையும் கையாலேயே இழுத்து வேலியோடு ஒட்டவைத்தேன். மூன்று மாதம் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, விளையாட்டைச் செய்யச் சொன்ன வெளிநாட்டுக்காரர்களிடம் தோட்டத்தை ஒப்படைக்க வேண்டிய வாரம் வந்தது. திங்கட்கிழமை காலையில் திறந்து பார்க்கிறேன், காட்டுமாடு அடைப்பைச் சுற்றி என் பாதை ஒரு கட்டம் தள்ளிக் கிடக்கிறது. நடுவில் புல். ஜனங்கள் மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். சரி, நாம்தான் ஏதோ மறந்துவிட்டோம் என்று இழுத்து ஒட்டிவைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் ஒரு கட்டம் தள்ளி!

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. எவனோ கை வைக்கிறான். யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்பது பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. சமையலறை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது, பால் கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். வேலையை மறந்துவிட்டு ஆட்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். யார் யாரோடு குசுகுசுக்கிறார்கள், நான் உள்ளே வந்ததும் யார் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பார்த்தேன். அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் எல்லோருமே பேச்சை நிறுத்துகிற மாதிரித்தான் இருக்கும். அன்று சாயங்காலம் ஒரு பொறி வைத்தேன். பாதையின் ஓரத்தில், வேலிப் பக்கமாக, வரிசையாகப் பதினோரு குப்பைத்தொட்டிகளை வைத்துவிட்டுப் போனேன். கை வைக்கிறவன் பாதையை மட்டும் நகர்த்தினால் தொட்டிகள் புல்லில் தனியாக நிற்கும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கணக்கு.

புதன்கிழமை வெள்ளனே கிளம்பினேன். கையும் களவுமாகப் பிடிக்கிற எண்ணம். ஆறரை மணி, ஒரே மூடுபனி. ஆபீஸ் சந்தில் ஒரு பக்கம் கருங்கல் சுவர், மறுபக்கம் பேரிக்காய்த் தோட்டத்துக் கம்பிவேலி. வேலியை ஒட்டியே நடந்துகொண்டிருந்தேன். பத்தடி முன்னால் பனியே கறுத்துத் திரண்ட மாதிரி ஏதோ அசைந்தது. காட்டுமாடு. முட்டிவரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரிக் கால்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது தலையைத் தாழ்த்திப் புஸ் என்று மூச்சு விட்டது. முதுகு கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, ஓடாதீங்க. கம்பிய விட்டு வாங்க. அதுக்குப் போக வழி விடுங்க. அப்பிடியே பின்னாடி வாங்க, மெதுவா."

ஆபீஸ் கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார் ராசையா. ஒரு அடி, இரண்டு அடி, பின்னாலேயே நகர்ந்து கேட்டுக்குள் போனேன். வேலியோரம் காலியானதும் அந்த மாடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் நின்ற இடத்தின் வழியாகவே ஆடி அசைந்து போயிற்று. ராசையா உள்ளே ஓடி எனக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். "பயந்துட்டீங்களா? குடிங்க" என்றார்.

பிள்ளைகளே, கொஞ்சம் நன்றியோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவள் நான். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த மனுஷன் ஆறரை மணிக்கு ஆபீசில் என்ன பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

உள்ளே போய்த் திறந்தேன். பாதை ஒரு கட்டம் தள்ளி. பதினோரு தொட்டிகளும் பாதையோடு சேர்ந்து ஒரு கட்டம் தள்ளி. அடேயப்பா, தொட்டியைக்கூட விடாமல் நகர்த்தியிருக்கிறானே, எவ்வளவு கெட்டிக்காரன் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேலியை விட்டு ஒரு கட்டம் தள்ள வேண்டும் என்று இந்த ஆபீசில் சொன்னவர் ஒருவர்தான். விடிகாலையில் தனியாக இருப்பவரும் அவர்தான். கணக்கு டாணென்று பொருந்திவிட்டது. நேராக லீடிடம் போய்ச் சொன்னேன். அவள் நம்பாமல் விழித்தாள்.

"ராசையா அண்ணாவா? நோ அக்கா. அவர் எதுக்கு பண்ணணும்?"

"மீட்டிங்குல எல்லாரும் சிரிச்சாங்கள்ல, அது மனசுல கெடக்கு. தான் சொன்னதுதான் சரின்னு காட்டுறாரு. நீ சின்னப் பொண்ணு, உனக்கு மனுசங்களத் தெரியாது" என்றேன்.

அவள் ஒரு நாள் பொறுக்கச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. பெங்களூரில் இருந்த மேனேஜருக்கு நானே எழுதிவிட்டேன். ஒப்படைக்கிற நேரம் என்பதால் அவரும் யோசிக்கவில்லை. மத்தியானமே போன் வந்தது. ராசையாவைக் கூப்பிட்டு, டெலிவரி முடியும்வரை வர வேண்டாம், நிரந்தர ஆர்டரைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"என்னா அக்கா நடந்துச்சு? நான் என்ன செஞ்சேன்னு யாரும் கதைக்க மாட்றாங்களே" என்று கேட்டார்.

நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு, "எனக்கென்னங்க தெரியும்" என்றேன். அவர் ஸ்வெட்டரையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை காலையில் பாதை ஒரு கட்டம் தள்ளிக் கிடந்தது.

இந்த இடத்தில் புத்தி உள்ள யாருக்கும் உறைத்திருக்கும். எனக்கோ, வீட்டிலிருந்தே செய்கிறார் என்று தோன்றியது. பாஸ்வேர்டு தெரியுமே! லீடிடம் சொல்லி அதை மாற்றவைத்தேன். புதிய பாஸ்வேர்டு எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். பாதையை இழுத்து ஒட்டிவைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை. பாதை ஒரு கட்டம் தள்ளி.

மத்தியானம் ஒப்படைக்க வேண்டும். பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத்தான் தெரியும், நான் செய்யவில்லை, அப்படியென்றால்? சொன்னால் சிரிப்பீர்கள். திரும்பி லீடைப் பார்த்தேன். மகள் வயதுப் பெண், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவள், அவளையும் மேலும் கீழும் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அடுத்து நானா அக்கா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆளை விடுங்க. பாதையைப் பாருங்க. இந்த டஸ்ட்பின்ஸ் எல்லாம் எவ்ளோ தள்ளி இருக்கு?"

"ஒரு கட்டம்."

"பதினொண்ணுமா? ஒண்ணுகூட கோணலா இல்லையா?"

"இல்ல."

"மனுஷக் கையால நகர்த்தினா ஏதாவது ஒண்ணு பிசகியிருக்கும் அக்கா. நீங்க இழுத்தப்போகூட ஒவ்வொரு நாளும் ஒரு மூலை லேசா பிசகுச்சு. இது மிஷின் பண்ணின வேலை. வேலியோட செட்டிங்கைத் திறங்க."

ஒவ்வொரு வேலிக்கும் ஒரு செட்டிங் பக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். காட்டுமாட்டு வேலியின் பக்கத்தைத் திறந்தேன். பாதைக்கான இடைவெளி ஒரு கட்டம் என்று இருந்தது. அதற்குக் கீழே குறிப்புப் பெட்டியில் ஒரு வரி.

"காட்டுமாடு. ஒரு கட்டம் தள்ளி. ராசையா சொல்வது சரி. பா."

பா என்பது நான். சர்வேயர் ஆபீசில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் போட்டுப் பழகிய எழுத்து. மூன்று மாதத்துக்கு முன் அவர் சொன்னதைக் கேட்டு நானே மாற்றி, நானே எழுதி, நானே மறந்திருக்கிறேன். பிறகு லீட் சொன்னபோது பாதையை மட்டும் கையால் இழுத்தேனே ஒழிய, செட்டிங்கைத் தொடவில்லை. டெலிவரி வாரம் என்பதால் தினமும் விடிவதற்குள் மிஷின் தானாகவே தோட்டத்தைச் செட்டிங்கில் உள்ளபடி அடியிலிருந்து புதிதாகக் கட்டும்படி அந்தத் திங்கட்கிழமை முதல் வைத்திருந்தார்கள். அது மீட்டிங்கில் சொன்ன விஷயம்தான். நான் கவனிக்கவில்லை. மிஷின் தினமும் என் பேச்சைக் கேட்டு என் பாதையை நகர்த்தியிருக்கிறது.

ஒன்று என்பதைப் பூஜ்யமாக மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. தோட்டத்தை மறுபடி கட்டிப் பார்த்தோம். ஜனங்கள் வேலியோரம் நின்று மாட்டைப் பார்த்தார்கள். மத்தியானம் ஒப்படைத்தோம், அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கு மட்டும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மேனேஜருக்கு உடனே உண்மையை எழுதினேன். "ஓகே, நோட்டட்" என்று பதில் வந்தது. ஒரு ஆளை அனுப்புவதற்கு இருந்த வேகம் திரும்பக் கூப்பிடுவதற்கு இல்லை. ராசையாவின் ஆர்டரை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். ஏன் என்று நான் மூன்று முறை கேட்டேன். ஒரு தடவை பேச்சு எழுந்துவிட்டது, கொஞ்சம் பார்த்துச் செய்யலாம் என்றார்கள். பேச்சை எழுப்பியவள் நான். எனக்கு ஒரு குறைச்சலும் வரவில்லை.

கட்டளை மாதிரி ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பாதை நகர்ந்தால், வேலி விழுந்தால், புலி வெளியே வந்தால், யார் செய்தது என்று ஒரு பட்டியல் போடத்தான் தோன்றும். போடுங்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் செட்டிங், உங்கள் குறிப்பு, நீங்கள் மூன்று மாதத்துக்கு முன் தொட்டது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு அடுத்த பெயருக்குப் போங்கள். அநேகமாகப் போக வேண்டியிருக்காது.

திங்கட்கிழமை ராசையா வந்தார். எப்போதும் போல ஆறரைக்கே வந்திருந்தார். பெருமாள்மலைப் பக்கத்திலிருந்து அவருக்கு இருக்கிற ஒரே பஸ் அந்த நேரத்துக்குத்தான் வந்து சேரும். வந்து கேட்டைத் திறந்து, எங்களுக்கெல்லாம் ஹீட்டரைப் போட்டுவைப்பதும் அவர்தான். ஒரு வருடமாக நான் ஒன்பதரைக்கு வந்து குளிர்காய்ந்த அறை. அதை யார் சூடாக்கி வைத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எல்லோரும் வந்த பிறகு நடு ஹாலில் நின்று சொன்னேன். தப்பு என்னுடையது, செட்டிங் என்னுடையது, மேனேஜருக்கு எழுதியதும் நான்தான், மன்னிக்க வேண்டும் என்றேன். என் குறிப்பை ஸ்கிரீனில் போட்டுக் காட்டினேன். "ராசையா சொல்வது சரி" என்பதை அவர் ஒரு முறை படித்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை.

"செட்டிங் சரி பண்ணிட்டீங்கள்ல?" என்று கேட்டார்.

"பண்ணிட்டேன்."

"நல்லது. எனக்கு ஒண்ணு மட்டும் கேக்கணும் மேடம். பாஸ்வேர்டு ஒம்பது பேருக்கும் தெரியும். ஏன் என்னைய மட்டும் நெனச்சீங்க?"

அந்த மனுஷன் என்னை அதற்கு முன் ஒரு நாளும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

அவர்தான் வேலி பற்றிப் பேசினார், அவர்தான் காலையில் வந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். லீட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் நிறுத்திவிட்டேன், அது உண்மையான பதில் இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது. மற்றவர்களில் யாரை நான் கை காட்டியிருந்தாலும், எப்படிச் சொல்கிறாய் என்று ஒருவராவது என்னைக் கேட்டிருப்பார்கள். கம்பிவேலி கட்டிப் பிழைத்த, தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த குடும்பத்து ஆளை நான் கை காட்டியபோது, லீடைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ராசையா போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். என் பாதைகளில் அவர் கண்டுபிடித்த தப்புகளை ஒன்றுவிடாமல் ஒழுங்காக எழுதித் தந்தார். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள், ஆளாளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். அவரும் எழுந்து வந்து, "நல்லா இருங்க மேடம்" என்றார்.